பதவியைத் துறந்தவர், உறுப்பினராக நீடித்தவர்: பெயர்ஸ் நௌடேயும் வெள்ளையர் திருச்சபையும்

1963ஆம் ஆண்டு செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. ஜோகன்னஸ்பர்க் நகரின் வசதி படைத்த வெள்ளையர் வாழும் பகுதியிலிருந்த ஆஸ்ஃபோல்காப் சபையில், அதன் போதகர் பெயர்ஸ் நௌடே பிரசங்க மேடை ஏறினார். அப்போஸ்தலர் நடபடிகள் ஐந்தாம் அதிகாரத்தை அன்றைய தியானப் பகுதியாக எடுத்துக்கொண்டார். அதிகாரம் உடையோரின் தடையுத்தரவுக்குப் பணிவதா, கடவுளுக்குக் கீழ்ப்படிவதா என்று பேதுருவும் ஏனைய சீடர்களும் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று விடையளிக்கும் பகுதி அது. பிரசங்கத்தின் முடிவில், தாம் போதகர் பொறுப்பிலிருந்து விலகுவதாக அவர் அறிவித்தார். நவம்பர் 3ஆம் நாள் அதே மேடையில் இறுதிப் பிரசங்கத்தை முடித்ததும் தமது அங்கியைக் கழற்றினார்.

விலகிய நாளில் அவர் சாதாரணப் போதகர் அல்லர். தெற்கு டிரான்ஸ்வால் வட்டாரச் சினாடின் தலைவராக அதே ஆண்டில்தான் தெரிவு செய்யப்பட்டிருந்தார். நாட்டை ஆண்ட தேசியக் கட்சியின் தலைவர்கள், உயர் அதிகாரிகள், பேராசிரியர்கள் எல்லோரும் உறுப்பினர்களாக இருந்த டச்சு சீர்திருத்தத் திருச்சபையில் மிக உயர்ந்த இடத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தவர். அவரைக் கீழே இறக்கியது அரசு அல்ல, அவருடைய சொந்தத் திருச்சபை. அதுவும் கோட்பாட்டுப் பிழைக்காக அல்ல. ஒரு போதகருக்குரிய தகுதியை யார் வழங்குவது, யார் பறிப்பது என்ற நிர்வாக விதியைக் கொண்டே அது நிகழ்த்தப்பட்டது. இந்த வழிமுறையைத்தான் நாம் இங்கே சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறோம். சாதி குறித்துத் திருச்சபைக்குள் பேசத் துணிந்தவர்களுக்கு இது புதிய கதையாக இராது.

திருவிருந்து மேசையிலிருந்து தொடங்கிய பிரிவினை

தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபை தொடக்கத்திலேயே நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. 1829இல் கேப் சினாடு, திருவிருந்து நிறமோ பிறப்போ பாராமல் எல்லா உறுப்பினர்க்கும் ஒன்றாகவே வழங்கப்பட வேண்டும் என்று முடிவு செய்தது. அம்முடிவு இருபத்தெட்டு ஆண்டுகளே தாக்குப்பிடித்தது. வெள்ளையர் சிலர் கறுப்பர்களோடு ஒரே மேசையில் அமர மறுத்தனர். 1857இல் கூடிய சினாடு, ஒன்றாக வழிபடுவதே வேதத்துக்கு உகந்தது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அடுத்த மூச்சிலேயே, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனி இடங்களில் வழிபாடு நடத்திக்கொள்ளலாம் என்று இசைவளித்தது.

இந்தச் சொல்லாட்சியைக் கவனிக்க வேண்டும். ஒடுக்குபவனின் ஆணவம் இங்கே 'பலவீனம்' ஆகிவிடுகிறது. பலவீனம் என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானே! தமிழகத்துச் சீர்திருத்தச் சபைகளிலும் ஏறக்குறைய இதே வாதம் அதற்கு முன்பே ஒலித்தது. தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் மிஷனரிமார் பலர், ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக உட்காருவதைக் காலப்போக்கில் மறைந்துவிடும் உலக வழக்கமாகக் கருதிப் பொறுத்துக்கொண்டனர். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேறுபாடுகளை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் திரளாகச் சபையை விட்டு வெளியேறினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற புகழ்பெற்ற கவிஞரும் சாதி வழக்கத்துக்கு ஆதரவாகவே நின்றார்.

கேப் பகுதியில் விதிவிலக்காகத் தொடங்கியது விரைவில் விதியாயிற்று. 1881இல் கலப்பினத்தவர்க்கெனத் தனி மிஷன் திருச்சபை உருவாக்கப்பட்டது. கறுப்பர்களுக்கென இருந்த மிஷன் சபைகள் 1963இல் ஆப்பிரிக்க டச்சு சீர்திருத்தத் திருச்சபையாக இணைக்கப்பட்டன. 1968இல் இந்தியர்க்கெனவும் ஒரு தனித் திருச்சபை ஏற்படுத்தப்பட்டது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர், தெலுங்கர் ஆகியோரின் வழித்தோன்றல்கள் இயேசுவை ஏற்றுக்கொண்டால் எந்தக் கதவு வழியாக உள்ளே வர வேண்டும் என்பதும் இவ்வாறு வரையறுக்கப்பட்டது. வெள்ளையர் சபை 'தாய்த் திருச்சபை' எனவும் மற்றவை 'மகள் திருச்சபைகள்' எனவும் அழைக்கப்பட்டன. மகள்களின் சம்பளப் பணமும் போதகர் நியமனமும் பெருமளவு தாயின் கையில் இருந்தன.

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து நிறவெறிச் சட்டங்களை ஒவ்வொன்றாக இயற்றியபோது, அவற்றுக்கான முன்மாதிரி திருச்சபைக்குள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகவே நடைமுறையில் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இரகசியச் சங்கத்தின் பிள்ளை

பெயர்ஸ் நௌடே 1915 மே 10 அன்று டிரான்ஸ்வாலின் ரூடபோர்ட்டில் பிறந்தார். தந்தை ஜோசுவா நௌடேயும் போதகர்தாம். ஆங்கிலேயருக்கு எதிரான போரில் ஈடுபட்ட ஆப்பிரிக்கானர் தளபதி கிறிஸ்டியான் பெயர்ஸின் நினைவாகவே மகனுக்கு அப்பெயரைச் சூட்டினார். 1918இல் தொடங்கப்பட்ட 'புரூடர்போண்ட்' என்னும் ஆப்பிரிக்கானர் சகோதரர் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. ஆங்கிலேயர் ஆட்சியில் தாழ்வுற்றுக் கிடந்ததாகக் கருதிய தம் இனத்தை மேலேற்றத் தொடங்கிய அச்சங்கம், பின்னாளில் இரகசிய உறுப்பினர் வலைப்பின்னலாக வளர்ந்து, பிரதமர் முதல் பள்ளித் தலைமையாசிரியர் வரை யார் எங்கே அமர வேண்டும் என்பதைத் திரைமறைவில் தீர்மானிக்கும் அளவுக்குச் சென்றது. உறுப்பினர்கள் வெள்ளையராக, ஆப்பிரிக்கான்ஸ் பேசுவோராக, ஆண்களாக, சீர்திருத்தத் திருச்சபையினராக இருந்தாக வேண்டும்.

ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் நௌடே பயின்றபோது அவருக்குச் சமூகவியல் கற்பித்தவர் ஹெண்ட்ரிக் ஃபெர்வூர்ட். பிற்காலத்தில் நிறவெறி ஆட்சியின் முதன்மைச் சிற்பியாகிப் பிரதமரானவர் அவர்தாம். 1939இல் குருப்பட்டம் பெற்ற நௌடே, மறு ஆண்டே தம் இருபத்தைந்தாம் வயதில் புரூடர்போண்டில் சேர்ந்தார். ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள் அதில் இருந்தார். நிறவெறியின் தத்துவத்தை அவர் அக்காலத்தில் ஏற்றுக்கொண்டே வாழ்ந்தார் என்பதை அவரைப் போற்றுவோர் சில வேளை மென்று விழுங்கிவிடுகின்றனர். நாம் அவ்வாறு செய்ய வேண்டியதில்லை. ஆதிக்கத்தின் மடியில் வளர்ந்த ஒருவர் எவ்வளவு தாமதமாக, எத்தனை தயக்கங்களோடு அதை விட்டு இறங்குகிறார் என்பதே இங்கு அறியத்தக்கது.

மாற்றம் புத்தகத்திலிருந்து தொடங்கியது. கண்ணால் கண்டதால் உறுதிப்பட்டது. 1950களில் நிறவெறிக்கு வேதாகம ஆதாரம் உண்டா என்று அவர் தாமாகவே ஆராயத் தொடங்கினார். இல்லை என்ற முடிவுக்கு வந்தார், ஆனால் வெளியே சொல்லவில்லை. அதே காலத்தில், கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர் சபைகளில் பணியாற்றிய இளம் வெள்ளைப் போதகர்கள் அவரை அணுகி, வந்து நேரில் பாருங்கள் என்று அழைத்தனர். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்த ஆண் தொழிலாளர்களை அவர் கண்டார். பகுதிவாரிச் சட்டத்தால் வீடிழந்த குடும்பங்களைக் கண்டார். நிறம் வேறு என்ற ஒரே காரணத்தால் மணம் செய்துகொள்ள முடியாத இணையர்களையும் சந்தித்தார். ஓர் ஆதிக்கச் சமூகத்தவர் சேரிக்குள் முதன்முறையாகக் கால்வைத்த அனுபவம் என்றால் நம் வாசகர்களுக்கு விளங்கும்.

காட்டெஸ்லோ

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில், அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள் மீது காவல்துறை சுட்டதில் 69 பேர் கொல்லப்பட்டனர். உலகத் திருச்சபைகளின் மன்றம், தன் தென்னாப்பிரிக்க உறுப்பினர்களான எட்டுத் திருச்சபைகளையும் டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கின் காட்டெஸ்லோவில் கூட்டியது. ஒவ்வொரு திருச்சபையிலிருந்தும் பத்துப் பேர். வெள்ளை, கறுப்புப் பிரதிநிதிகள் ஒரே கூரையின்கீழ் ஒரு வாரம் தங்கினர். அந்நாட்டில் அதுவே ஓர் அதிசயம்.

மாநாடு வெளியிட்ட அறிக்கை இன்று படிக்கையில் மிதமானதாகவே தோன்றுகிறது. கிறிஸ்துவை நம்பும் எவரையும் நிறத்தின் பொருட்டு எந்தத் திருச்சபையிலிருந்தும் விலக்கக் கூடாது என்றது. கலப்பு மணத்தைத் தடைசெய்ய வேதத்தில் ஆதாரம் இல்லை என்றது. ஒருவர் தாம் வாழும் இடத்தில் நிலம் வைத்திருக்கவும் நாட்டின் ஆட்சியில் பங்கேற்கவும் உரிமை உண்டு என்றது. கேப், டிரான்ஸ்வால் வட்டாரங்களின் டச்சு சீர்திருத்தப் பிரதிநிதிகள் இதற்கு ஆதரவளித்தனர். ஃபெர்வூர்ட் அதை அவர்களின் தனிப்பட்ட கருத்து என்று ஒதுக்கித் தள்ளினார். பிரதமரின் கண்ணசைவு சினாடுகளுக்குப் போதுமானதாக இருந்தது. 1961இல் அவை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டெஸ்லோ அறிக்கையைப் புறக்கணித்து, உலக மன்றத்திலிருந்தும் வெளியேறின. பிரதிநிதிகளாகச் சென்று வந்தவர்கள் தத்தம் சினாடுகளின் முன் விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. தாம் ஏற்றுக்கொண்டதைத் திரும்பப் பெற நௌடே மறுத்துவிட்டார்.

அதே ஆண்டுகளில் இன்னொரு வழக்கும் நடந்தது. அதைத் தவிர்த்து நௌடேயின் கதையைச் சொல்ல இயலாது. சிறிய சகோதரத் திருச்சபையான ஹெர்வோர்ம்டு திருச்சபையின் விதிகளில் மூன்றாம் பிரிவு, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று எழுத்திலேயே வைத்திருந்தது. வழக்கத்தில் ஒதுக்குவதற்கும் சட்டத்தில் எழுதி ஒதுக்குவதற்கும் உள்ள வேறுபாடு அது. அத்திருச்சபையைச் சேர்ந்தவரும் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியருமான ஆல்பர்ட் கைசர் அந்தப் பிரிவுக்கு வேதாகம ஆதாரம் கிடையாது என்று எழுதினார். அதற்காக அவர் மீது நேரடியாக வழக்குத் தொடுக்கத் திருச்சபைக்குத் துணிவில்லை. கிறிஸ்துவின் தன்மை பற்றி வகுப்பில் தவறாகப் போதித்தார் என்று மாணவர்கள் சிலர் கொடுத்த புகாரின் பேரில் வேதப்புரட்டுக் குற்றம் சாட்டி, 1962இல் அவரது குருத்துவத்தைப் பறித்தது. கைசர் உயர் நீதிமன்றம் சென்றார். சாட்சியங்கள் வெளிவரத் தொடங்கியதும் திருச்சபை சமரசத்துக்கு இறங்கி, 1963இல் அவரது தகுதியைத் திரும்ப அளித்தது. நிறவெறியைக் கேள்வி கேட்டவரை வேறொரு குற்றப் பெயரால் தண்டிக்கும் இந்த உத்தி, நம் மறைமாவட்டங்களிலும் பேராயங்களிலும் நிதி முறைகேடு, ஒழுங்கு மீறல், கீழ்ப்படியாமை என்று பல பெயர்களில் உலவுகிறது.

மூன்று சாவிகள்

சீர்திருத்தத் திருச்சபை ஆட்சிமுறையில் பேராயர் இல்லை. மூப்பர்களும் உதவிக்காரர்களும் போதகரும் சேர்ந்த சபை மன்றம், அண்டைச் சபைகள் பல சேர்ந்த வட்டம், அதற்கு மேலே சினாடு என்று அதிகாரம் படிப்படியாக அமைந்திருக்கிறது. இதனால் இது பேராயர் ஆட்சியைவிடச் சனநாயகமானது என்று அவர்கள் பெருமை கொள்வதுண்டு. ஆனால் ஒரு போதகரின் வாழ்க்கை மூன்று வெவ்வேறு சாவிகளால் பூட்டப்பட்டிருக்கிறது.

முதலாவது, உறுப்பினர் தகுதி. இது சபை மன்றத்திடம் இருக்கும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சென்றால் சான்றிதழ் பெற்றுச் செல்ல வேண்டும். இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட சபையின் போதகர் பதவி. அச்சபை அழைத்தால் வரும், விலகினால் போகும். சம்பளமும் சபை வீடும் இதோடு இணைந்தவை. மூன்றாவது, பொதுவான குருத்துவத் தகுதி. எந்தச் சபையின் அழைப்பையும் ஏற்கவும், ஞானஸ்நானமும் திருவிருந்தும் வழங்கவும், பிரசங்க மேடை ஏறவும் இதுவே உரிமை தருகிறது. சபைப் போதகராக அல்லாமல் பேராசிரியராகவோ செயலாளராகவோ பணிசெய்யச் செல்பவர், திருச்சபை அனுமதித்தால் இதைத் தக்கவைத்துக்கொள்ளலாம்.

நௌடேயை இந்த மூன்றாவது சாவியைக் கொண்டுதான் வளைத்தனர். 1962 மே மாதத்திலிருந்து அவர் 'ப்ரோ வெரிட்டாட்டே' என்ற இதழின் ஆசிரியராக இருந்தார். இலத்தீனில் 'உண்மைக்காக' என்று பொருள். 1963 ஆகஸ்டில், இன எல்லை கடந்து எல்லாத் திருச்சபைக் கிறிஸ்தவர்களும் தனிநபர்களாகச் சேரக்கூடிய கிறிஸ்தவ நிறுவனம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராகும்படி அவரை அழைத்தனர். இயக்குநர் பணியை ஏற்றபடியே குருத்துவத் தகுதியைத் தக்கவைத்துக்கொள்ள அவர் முறைப்படி விண்ணப்பித்தார். திருச்சபையின் தேர்வுக் குழு மறுத்துவிட்டது.

அதாவது அவரை யாரும் நீக்கவில்லை. அவர் மேல் குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. அமைப்பா, குருத்துவமா என்று தேர்ந்துகொள்ளும்படி மட்டும் விட்டுவிட்டனர். ராஜினாமாக் கடிதத்தைப் பாதிக்கப்பட்டவர் கையாலேயே எழுத வைப்பது நிறுவனங்களுக்கு மிகவும் வசதியானது. பின்னாளில் யாரேனும் கேட்டால், அவராகத்தான் போனார் என்று சொல்லிக்கொள்ளலாம். செப்டம்பர் 22ஆம் நாள் பிரசங்கத்தில் நௌடே செய்த முதன்மையான காரியம், இந்தப் பொய்யை முன்கூட்டியே உடைத்ததுதான். திருச்சபை அதிகாரத்துக்குப் பணிவதா, மனச்சான்றின்படி நடப்பதா என்பதே தம் முன் வைக்கப்பட்ட தேர்வு என்று சபையாரிடம் வெளிப்படையாக எடுத்துரைத்தார்.

அதே ஆண்டில் அவர் புரூடர்போண்டிலிருந்தும் விலகியிருந்தார். விலகும் முன், சங்கத்தின் ஆவணங்கள் சிலவற்றைக் கைசரிடம் காட்டி, ஒரு கிறிஸ்தவன் இப்படியொரு இரகசியச் சங்கத்தில் இருக்கலாமா என்று ஆலோசனை கேட்டார். கைசர் அவற்றைப் படமெடுத்து 'சண்டே டைம்ஸ்' செய்தியாளர் சார்லஸ் புளும்பெர்க்கிடம் கொடுத்துவிட்டார். திருச்சபைக்குள் யாரைத் தலைவராக்குவது, யாரை ஒதுக்குவது என்பது வரை சங்கம் திட்டமிட்ட செய்திகள் வெளிவந்தன. ஆவணங்களைக் கைசரிடம் கொடுத்தவன் நானே என்று நௌடே பின்னர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஆப்பிரிக்கானர் சமூகத்தின் பார்வையில் அது இனத் துரோகம். பழைய நண்பர்கள் தெருவில் கண்டாலும் முகம் திருப்பினர்.

அமைப்பை விடு, அல்லது

குருத்துவத்தை இழந்த பின்னும் நௌடே டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் சாதாரண உறுப்பினராகத் தொடர்ந்தார். திருச்சபையின் அடுத்த அடி அங்கேதான் விழுந்தது. 1966இல் கூடிய பொதுச் சினாடு, கிறிஸ்தவ நிறுவனம் தவறான போதனைப் போக்குடையது என்று அறிவித்து, திருச்சபையினர் அனைவரும் அதிலிருந்து விலக வேண்டும் என்று கோரியது. நிறுவனத்தில் இருந்த ஆப்பிரிக்கானர்கள் ஒவ்வொருவரும் இப்போது ஒரு தேர்வுக்குத் தள்ளப்பட்டனர். பலர் சத்தமின்றி விலகிக்கொண்டனர்.

சில வெற்றிகளும் இருந்தன. ஹெர்வோர்ம்டு திருச்சபைப் பேராசிரியர் ஆட்ரியான் போன்ட், நௌடேயையும் கைசரையும் கம்யூனிஸ்ட் சதிக்கு உடந்தையானவர்கள் என்று எழுதியபோது இருவரும் அவதூறு வழக்குத் தொடுத்தனர். 1967இல் நீதிமன்றம் ஆளுக்குப் பத்தாயிரம் ராண்ட் இழப்பீடு வழங்கியது. 1968இல் நிறுவனமும் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றமும் இணைந்து வெளியிட்ட மக்களுக்கான செய்தி, நிறவெறியைப் பொய்யான சுவிசேஷம் என்று நேரடியாகவே சாடியது. நிறவெறிக்கு மாற்றான சமூகத்தைத் திட்டமிட 'ஸ்ப்ரோகாஸ்' என்ற ஆய்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் வெளியீட்டுப் பணியை ஒட்டி 1972இல் பிறந்த 'ரேவன்' பதிப்பகத்தின் பெயர் ராண்டல், வான் சைல், நௌடே என்ற மூவரின் எழுத்துகளிலிருந்து ஆனது. நம் காதுக்கு இராவணன் போல் ஒலிப்பது தற்செயல்தான். ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஸ்டீவ் பைக்கோவும் கறுப்பு உணர்வு இயக்கமும் எழுந்த காலம் அது. நல்லெண்ணம் கொண்ட வெள்ளையர்கள் கறுப்பர்களுக்காகப் பேசுவதையும் கறுப்பர் அமைப்புகளுக்கு வழிகாட்டுவதையும் பைக்கோ கடுமையாக விமர்சித்தார். வெள்ளைத் தாராளவாதிகள் பலர் இதனால் மனம் புண்பட்டு ஒதுங்கினர். நௌடேயின் வட்டாரம் ஒதுங்கவில்லை. ஸ்ப்ரோகாஸின் இரண்டாம் கட்டத்தில் கறுப்பர் சமூகத் திட்டங்கள் என்ற தனிப் பிரிவு கறுப்பர்களின் தலைமையிலேயே அமைந்தது. பைக்கோவும் அதில் பணியாற்றினார். வெள்ளையர்களுக்குரிய வேலை வெள்ளையர் சமூகத்தைத் திருத்துவது என்று பிரித்துக்கொள்ளப்பட்டது. தலித் அல்லாத தோழர்கள் நம் இயக்கங்களில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் நாம் இந்த எடுத்துக்காட்டைச் சொல்வதுண்டு.

அரசு பின்தங்கிவிடவில்லை. அவரது கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. நிறுவனத்தை விசாரிக்க அமைக்கப்பட்ட நாடாளுமன்ற ஆணையத்தின் முன் 1973இல் சாட்சியமளிக்க மறுத்ததற்காக அவர் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு, பின்னர் ஓர் இரவைச் சிறையில் கழித்தார். 1975இல் நிறுவனத்துக்கு வெளிநாட்டு நிதி வரும் வழி அடைக்கப்பட்டது. 1977 செப்டம்பரில் பைக்கோ காவலில் கொல்லப்பட்டார். அக்டோபர் 19 அன்று கறுப்பு உணர்வு அமைப்புகளோடு சேர்த்துக் கிறிஸ்தவ நிறுவனமும் தடைசெய்யப்பட்டது. நௌடே மீது தனிப்பட்ட தடையாணை விதிக்கப்பட்டது. ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக் கூடாது. அவர் சொன்னதை எவரும் அச்சிடக் கூடாது. 1984 வரை, ஏழு ஆண்டுகள் இது நீடித்தது. ஒருவர் ஒருவராக வந்து சந்திக்கத் தடையில்லை என்பதால், ஒருவர் ஒருவராகவே ஆட்கள் அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தனர்.

பதினேழு ஆண்டுகள்

1980இல், தடையாணை நடப்பிலிருக்கும்போதே, நௌடே வேறு மூன்று வெள்ளை இறையியலாளர்களுடன் வெள்ளையர் திருச்சபையிலிருந்து உறுப்பினர் தகுதியையும் விட்டு விலகி, கறுப்பர்களின் ஆப்பிரிக்க டச்சு சீர்திருத்தத் திருச்சபையில் சேர்ந்தார். பதவியைத் துறந்தது 1963, உறுப்பினர் தகுதியைத் துறந்தது 1980. இடையில் பதினேழு ஆண்டுகள்.

ஏன் இவ்வளவு காலம்? உள்ளிருந்தே மாற்ற முடியும் என்று நம்பினார் என்பது ஒரு விடை. தம் மக்கள் என்று அவர் கருதியவர்களிடம் பேசும் தகுதி, உறுப்பினராக இருக்கும் வரைதான் தமக்கு உண்டு என்று எண்ணியது மற்றொன்று. இவ்விரண்டையும் நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அந்தப் பதினேழு ஆண்டுகளில் திருச்சபை மாறவில்லை என்பதே வரலாறு. 1974இல் கூட அதன் பொதுச் சினாடு, இனவாரித் தனி வளர்ச்சிக்கு வேதத்தில் இடமுண்டு என்று அறிக்கையிட்டது. அண்ணல் அம்பேத்கர் 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்ததிலிருந்து 1956இல் நாக்பூரில் பௌத்தம் தழுவியது வரை இருபத்தோர் ஆண்டுகள் என்பது நினைவுக்கு வருகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அம்பேத்கர் எந்த மதத்துக்குள் சமமாக அனுமதிக்கப்படவே இல்லையோ அதிலிருந்து, இலட்சக்கணக்கான மக்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார். நௌடே, தமக்கு எல்லாச் சலுகையும் அளித்த ஒன்றிலிருந்து, ஏறத்தாழத் தனியராக வெளியேறினார்.

சேர்ந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலிக்கனாகவோ மெத்தடிஸ்டாகவோ அவர் மாறியிருக்கலாம்; அங்கே வரவேற்பும் மரியாதையும் காத்திருந்தன. அவரோ தம் தாய்த் திருச்சபையே கறுப்பர்களுக்கென வெட்டி ஒதுக்கிய 'மகள்' திருச்சபையில் போய் அமர்ந்தார். ஒரே விசுவாச அறிக்கை, ஒரே ஒழுங்கு, ஒரே ஞானஸ்நானம். வேறுபாடு தோலின் நிறம் மட்டுமே என்பதை நிரூபிக்க அதைவிடச் சிறந்த வழி இருந்திருக்க முடியாது.

அவருக்குப் பின்னே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. திறந்தவர்கள் அவரைப் போன்ற வெள்ளையர்கள் அல்லர்; 'மகள்' திருச்சபைகளின் இறையியலாளர்கள். 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது வேதப்புரட்டு என்று அறிவித்து, இரு வெள்ளையர் திருச்சபைகளின் உறுப்பினர் தகுதியையும் நிறுத்திவைத்தது. கலப்பினத்தவர் மிஷன் திருச்சபையின் போதகரான ஆலன் பூசாக்கை அதே கூட்டம் தன் தலைவராகத் தெரிவு செய்தது. உறுப்பினர் தகுதி என்ற ஆயுதம் திசை திரும்பியது அப்போதுதான். அதே ஆண்டு மிஷன் திருச்சபை பெல்ஹாரில் கூடி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது. ஒற்றுமை, ஒப்புரவு, நீதி என்ற மூன்றையும் நம்பிக்கையின் அடிப்படைகளாக வைத்த அவ்வறிக்கை 1986இல் ஏற்கப்பட்டது. அதே 1986இல் வெள்ளையர் திருச்சபையும் தன் உறுப்பினர் தகுதி எல்லா இனத்தவர்க்கும் திறந்தது என்று ஒருவழியாக அறிவித்தது. பொறுக்க முடியாதவர்கள் மறு ஆண்டே பிரிந்துபோய், வெள்ளையர் மட்டும் சேரக்கூடிய புதிய திருச்சபை ஒன்றைத் தொடங்கினர். 1857இன் 'பலவீனர்கள்' 1987இலும் பலவீனமாகவே இருந்தனர் போலும்.

நௌடே 1985இல் டெஸ்மண்ட் டூட்டுவுக்குப் பின் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச் செயலாளரானார். 1990இல் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் அரசுடன் நடத்திய முதல் அதிகாரபூர்வப் பேச்சுவார்த்தைக் குழுவில் இடம்பெற்ற ஒரே ஆப்பிரிக்கானர் அவர். 1994 அக்டோபரில், நெல்சன் மண்டேலா நேரில் வந்து உரையாற்றிய டச்சு சீர்திருத்தப் பொதுச் சினாடு, நௌடேயிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. தேர்வுக் குழு அவருக்கு மறுப்புத் தெரிவித்து அப்போது முப்பத்தோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.

2004 செப்டம்பர் 7 அன்று தமது 89ஆம் வயதில் அவர் காலமானார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு ஆஸ்ஃபோல்காப் ஆலயத்தில், அவர் அங்கியைக் கழற்றிய அதே சபையில், நடந்தது. அவரது சாம்பல் கறுப்பர்களின் குடியிருப்பான அலெக்சாண்ட்ராவில் தூவப்பட்டது.

கறுப்பர் திருச்சபையும் கலப்பினத்தவர் திருச்சபையும் 1994இல் ஒன்றிணைந்து தென்னாப்பிரிக்க ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபை ஆயின. வெள்ளையர் திருச்சபையும் இணைய வேண்டுமெனில் பெல்ஹார் அறிக்கையை ஏற்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அதற்கு வழிவிடும் விதித் திருத்தம் 2015இல் டச்சு சீர்திருத்தச் சபைகளின் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை.